பெயரில் ஒன்றும் இல்லாத பணக்காரர்கள்

கேள்வி: 4 செப்டம்பர் 2025

உண்மையான பணக்காரர்கள் எளிமையாகத்தான் வாழ்கிறார்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். வாரன் பஃபெட் 1958இல் வாங்கிய வீட்டிலேயே இருக்கிறார், ஐகியா மரச்சாமான் கடைகளைத் தொடங்கிய இங்வார் காம்ப்ராட் பழைய வால்வோ ஓட்டினார், சாதாரண வகுப்பில் பறந்தார் என்று ஒரே கதை. இது எவ்வளவு தூரம் நிஜம்? வெளியே தெரியாத பழக்கம் என்று அவர்களிடம் என்ன இருக்கிறது? பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

4 செப்டம்பர், இரவு

நான் பார்த்திருக்கிறேன். ஆறு வருடம் ஒரு பெரும் பணக்காரக் குடும்பத்தின் ஃபேமிலி ஆபீஸில் வேலை செய்தேன். அவர்கள் யார், எந்த நாடு, என்ன தொழில் என்று சொல்ல மாட்டேன். சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அது இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன், என்னிடம் நன்றாகவே நடந்துகொண்டவர்கள்.

ஃபேமிலி ஆபீஸ் என்பது ஒரே ஒரு குடும்பத்துக்காக மட்டும் நடக்கும் அலுவலகம். ஜான் ராக்பெல்லர் 1882இல் தன் சொத்தைக் கவனிக்க வைத்த அலுவலகத்தைத்தான் இதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். முதலீடு, வரி, வீடுகள், வீட்டு ஆட்களின் சம்பளம், பிள்ளைகளின் பள்ளி, நாய்க்குத் தடுப்பூசி வரைக்கும் எல்லாம் அங்கே வரும்.

இப்போது கேள்விக்கு. பஃபெட் அந்த வீட்டை 31,500 டாலருக்கு வாங்கியது உண்மை, இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பதும் உண்மை. அதே மனிதர் 1980களில் சொந்த விமானம் வாங்கி, அதற்கு 'நியாயப்படுத்த முடியாதது' என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். 1998இல் அவருடைய நிறுவனம் நெட்ஜெட்ஸ் என்ற தனி விமானக் கம்பெனியையே வாங்கியது. வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

காம்ப்ராட் கதை இன்னும் முக்கியம். 2010இல் அவருக்கு 2,300 கோடி டாலர் இருப்பதாகப் போட்ட ஃபோர்ப்ஸ் பத்திரிகை, அடுத்த வருடம் அதை 600 கோடியாகக் குறைத்தது. அவர் எதையும் இழக்கவில்லை. ஐகியா அறக்கட்டளைகளின் கையில் இருக்கிறது, அவருடையது இல்லை என்று அவருடைய வக்கீல்கள் தாள்களைக் காட்டினார்கள். அந்த அறக்கட்டளைகளில் ஒன்று லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி ஐரோப்பிய நாட்டில் இருந்தது. பழைய வால்வோவைப் பார்த்து அசந்துபோகிறோம். எனக்கு அந்தத் தாள்கள்தான் பெரிய விஷயமாகத் தெரிகின்றன.

நான் பார்த்த குடும்பமும் அப்படித்தான். எதையும் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பதினொரு வீடுகள் இருந்தன, ஒன்றுகூடக் குடும்பத்தில் யார் பெயரிலும் இல்லை. அனுபவிப்பது அவர்கள், பத்திரத்தில் இருப்பது வேறு ஏதோ ஒரு பெயர். கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்து வருவது.

5 செப்டம்பர்

அங்கே உங்கள் வேலை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் எண்ணுவது.

'டே கவுண்ட்' என்று சொல்வார்கள். குடும்பத்தில் வயது வந்தவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு இரவும் பன்னிரண்டு மணிக்கு எந்த நாட்டில் இருந்தார்கள் என்று ஒரு அட்டவணை. ஒன்பது வரிசை, 365 கட்டம். அதைச் சரியாக வைத்திருப்பதும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆதாரம் சேர்ப்பதும்தான் வேலை. சொந்த விமானத்தில் போகிறவர்களுக்கு போர்டிங் பாஸ் கிடையாது. அதனால் விமானியின் பதிவேட்டு நகல், கார் ஓட்டுநரின் குறிப்பு, உணவக ரசீது, போன் எந்தக் கோபுரத்தில் இருந்தது என்ற விவரம் என்று தேடித் தேடி வைப்பேன்.

எதற்கு இவ்வளவு? பெரும்பாலான நாடுகள், ஒருவர் அங்கே வசிப்பவரா இல்லையா என்று பார்த்துத்தான் வரி போடுகின்றன. வருடத்தில் 183 நாள் தங்கினால் அங்கே வசிப்பவர் என்ற கணக்கு பலருக்குத் தெரியும். அது மேலோட்டமான கணக்கு. பிரிட்டனில் 2013 ஏப்ரலில் வந்த விதிப்படி அந்த நாட்டோடு ஒருவருக்கு எத்தனை பிணைப்பு இருக்கிறது என்று எண்ணுவார்கள்: குடும்பம் அங்கே இருக்கிறதா, தங்க இடம் இருக்கிறதா, வேலை இருக்கிறதா என்று. பிணைப்பு கூடக் கூட அனுமதிக்கும் நாள் குறையும். 120, 90, 45 என்று இறங்கி, கடைசியில் 15 நாளில் வந்து நிற்கும். எங்கள் பெரியவருக்கு, அதாவது குடும்பத் தலைவருக்கு, எல்லை 90 நாள்.

அங்கே நள்ளிரவில் நாட்டுக்குள் இருந்தால்தான் ஒரு நாள். காலையில் வந்து, மூன்று சந்திப்பை முடித்து, இரவு பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டால் வந்ததாகவே கணக்கில்லை. அதனால் எங்கள் பெரியவர் இரவுச் சாப்பாட்டில் எப்போதும் ஒன்பதே முக்காலுக்கு எழுந்துவிடுவார். பேத்தியின் பிறந்தநாளிலும் எழுந்து போயிருக்கிறார். எதிரே இருப்பவர்கள் ஒழுக்கமான மனிதர், சீக்கிரம் தூங்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நியூயார்க்கில் இது தலைகீழ். அங்கே நிலையாகத் தங்க ஒரு வீடு வைத்திருப்பவர், அரை மணி நேரச் சந்திப்புக்கு உள்ளே வந்து போனாலும் அது முழு நாள். ஒரே மனிதர், ஒரே வாரம், இரண்டு நாட்டுக்கு இரண்டு விதமான எண்ணிக்கை.

பிரிட்டனில் ஒரு பனிக்கால இரவு. பெரியவர் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார், கதவும் சாத்தியாகிவிட்டது. மூடுபனி. ஓடுபாதையிலேயே நிற்க வேண்டியதாகி, பன்னிரண்டு இருபதுக்குத்தான் கிளம்பியது. நான் கிளம்ப வேண்டிய நேரத்தை வைத்துக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து விமானியின் பதிவேடு வந்தபோதுதான் பார்த்தேன். வக்கீல் மூன்று மணி நேரம் விதிகளைப் புரட்டினார். பயணத் தாமதம் விதிவிலக்கு ஆகாது, அந்த நாள் கணக்கில் சேரும் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு நாளை ஈடுகட்ட, மார்ச் மாதம் பெரியவர் தன் பள்ளி நண்பரின் இறுதிச் சடங்குக்குப் பகலில் வந்து, அன்று மாலையே திரும்பிப் போனார். நண்பரின் மனைவி இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொல்லிக் கேட்டார். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. தவறு என்னுடையது இல்லை, பனியுடையதும் இல்லை. ஒரு மனிதர் ஒரு எண்ணிக்கையைத் தன் துக்கத்துக்கு மேலே வைத்திருந்தார், அவ்வளவுதான்.

5 செப்டம்பர், பின்னிரவு

ஒன்று சேர்க்க விட்டுப்போனது. நாளை மட்டும் எண்ணித் தப்பிக்க முடியாது. நியூயார்க் மாநில வரித் துறை ஒருவரின் நிஜ வீடு எது என்று பார்க்க ஐந்து விஷயங்களை எடுத்துக்கொள்கிறது. வீடு, தொழில், நேரம், குடும்பம், அப்புறம் மனசுக்கு நெருக்கமான பொருள்கள். இந்தக் கடைசி விஷயத்தை வரி வக்கீல்கள் 'டெடி பியர் சோதனை' என்பார்கள். குடும்பப் புகைப்படம் எங்கே மாட்டியிருக்கிறது, பாட்டி கொடுத்த பியானோ எங்கே இருக்கிறது?

2017இல் தீர்ப்பான ஒரு வழக்கில் நாய்தான் சாட்சி. நியூயார்க்கிலிருந்து டல்லாஸுக்கு மாறிவிட்டதாகச் சொன்ன ஒரு நிர்வாகி, தன் வயதான நாயையும் அங்கே கொண்டுபோனதைக் காட்டினார். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். நாய் போன இடம்தான் வீடு. எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். எங்கள் அலுவலகத்தில் நாயின் தடுப்பூசி ரசீது ஏன் என் மேஜைக்கு வந்தது என்று அதைப் படித்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

7 செப்டம்பர்

"பெயரில் ஒன்றும் இல்லையென்றால் செலவுக்கு எங்கே போவார்கள்?" நல்ல கேள்வி.

கடன் வாங்குவார்கள். அமெரிக்காவில் பங்கின் விலை எவ்வளவு ஏறினாலும் விற்கும்வரை வரி இல்லை. அதனால் விற்க மாட்டார்கள். பங்கை வங்கியில் அடமானம் வைத்து, குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிச் செலவு செய்வார்கள். கடன் வருமானம் ஆகாது, அதற்கும் வரி இல்லை. அவர் இறந்தபின் வாரிசுக்குப் பங்கு போகும்போது, அன்றைய விலையே வாங்கிய விலை என்று எடுத்துக்கொள்ளப்படும். அத்தனை வருட ஏற்றமும் கணக்கிலிருந்து மறைந்துபோகும். வாங்கு, கடன் எடு, செத்துப்போ என்று மூன்றே சொல்லில் அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். இது ரகசியம் ஒன்றும் இல்லை. லேரி எல்லிசன் தன் ஆரக்கிள் பங்குகளையும், ஈலான் மஸ்க் தன் டெஸ்லா பங்குகளையும் ஈடாக வைத்திருப்பது அந்தக் கம்பெனிகள் அரசிடம் கொடுத்த தாள்களிலேயே இருக்கிறது.

என் சம்பளத்தில் மாதா மாதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். பிடித்த தொகையைக் கட்டியதும் நான்தான், அலுவலகக் கணக்கிலிருந்து. அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த தாளில் பெரியவரின் வருமானம் என்ற இடத்தில், எங்கள் வீட்டு மேலாளரின் சம்பளத்தைவிடச் சின்னத் தொகையை எழுதுவேன். சட்டப்படி எல்லாம் சரி. சட்டப்படி சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

7 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் இதில் ஆபத்தே இல்லாத மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. பங்கு விலை விழுந்தால் வங்கி கூப்பிடும், உடனே பணம் கட்டு அல்லது விற்றுவிடுவேன் என்று. செசபீக் எனர்ஜி கம்பெனியின் தலைவர் ஆப்ரி மெக்லெண்டன் 2008 அக்டோபரில் தன் கம்பெனியில் வைத்திருந்த பங்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அப்படித்தான் சில நாளில் விற்க வேண்டி வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஈட்டின் மதிப்பில் கால் பங்குக்கு மேல் கடன் எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருந்ததற்கு 2008தான் காரணம் என்று பழைய கணக்காளர் சொல்வார்.

8 செப்டம்பர்

வீடுகளைப் பற்றிக் கேட்டவருக்கு.

பதினொரு வீட்டிலும் பெரியவரின் மூக்குக் கண்ணாடி இருக்கும். ஒரே ஃபிரேம், ஒரே பவர், படுக்கைக்கு இடது பக்கம், வாசிப்பு அறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று. ஒரே தலையணை, ஒரே பல் துலக்கி, ஒரே அளவில் ஒரே நிறச் சட்டைகள். அவர் கையில் போனும் படித்துக்கொண்டிருக்கும் புத்தகமும் மட்டும்தான் பயணிக்கும். பல வருடம் அவர் பெட்டி கட்டியதே இல்லை. பவர் மாறும்போதெல்லாம் முப்பத்து மூன்று கண்ணாடிகளை ஒரே வாரத்தில் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கையேடு உண்டு. எந்த அலமாரியில் என்ன, எந்த விளக்கு எந்த வெளிச்சத்தில், பூச்சாடி மேஜையில் எவ்வளவு தள்ளி என்று புகைப்படத்தோடு. வருவதற்கு முந்தின நாள் வீட்டு மேலாளர் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகச் சரிபார்ப்பார். வருகிறவருக்கு, தான் நேற்றுத்தான் இங்கிருந்து எழுந்து போன மாதிரி இருக்க வேண்டும். நடுவில் எட்டு மாதம் போயிருக்கும். அந்த எட்டு மாதமும் ஆட்கள் தினமும் குழாயைத் திறந்து மூடுவார்கள், குழாயில் தண்ணீர் தேங்கக் கூடாது என்பதற்காக. யாரும் குளிக்காத குளியலறைகளில்.

எளிமை பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, பெரியவரை நேரில் பார்த்தால் எளிமையான மனிதர் என்றே சொல்வீர்கள். கைக்கடிகாரம் கிடையாது, பர்ஸ் கிடையாது, உரத்துப் பேச மாட்டார். அவருடைய எளிமையை நாற்பத்து நான்கு பேர் தாங்கிப் பிடித்தோம்.

பிள்ளைகள் விஷயம் தனி. பிரிட்டனில் பாத் நகரத்தில் நார்லண்ட் என்று ஒரு கல்லூரி, 1892இல் எமிலி வார்ட் தொடங்கியது. செவிலித்தாய்களைப் பயிற்றுவிக்கிறது. பழுப்பு நிறச் சீருடை, தொப்பி, கையுறை. தையல், குழந்தை வளர்ச்சி எல்லாவற்றோடும் வழுக்கும் சாலையில் காரைக் கட்டுப்படுத்தவும், யாராவது துரத்தினால் தப்பித்து ஓட்டவும் கற்றுத் தருகிறார்கள். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் கைக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அந்தக் குழந்தையைச் சுற்றி எவ்வளவு பயம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இரண்டு செவிலித்தாய்கள், இரண்டு வாரம் ஒருவர், இரண்டு வாரம் இன்னொருவர். ஆள் மாறும் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவன் அழுவான் என்று வீட்டு மேலாளர் சொல்லியிருக்கிறார். நான் பார்த்ததில்லை. ஆனால் அட்டவணையில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் குறித்ததும் நான்தான்.

8 செப்டம்பர், இரவு

துணிமணி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. சின்னம் பெரிதாகப் போட்ட எதையும் அவர்கள் உடுத்திப் பார்த்ததில்லை. விக்குன்யா கம்பளியில் ஒரு மேலங்கி இருந்தது, தொட்டிருக்கிறேன். ஆண்டீஸ் மலையில் வாழும் விலங்கு, சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் கத்தரிப்பார்கள், ஒரு விலங்கிடம் கிடைப்பது கால் கிலோவுக்கும் குறைவு. பார்த்தால் சாதாரணப் பழுப்பு அங்கி. தெரிந்தவருக்குத்தான் தெரியும், அவ்வளவே.

11 செப்டம்பர்

திருத்தம். பிரிட்டனில் நள்ளிரவுக்கு முன் கிளம்பினால் கணக்கே இல்லை என்று பொதுவாக எழுதிவிட்டேன். ஒருவர் சரியாகவே பிடித்துவிட்டார். முந்தின மூன்று வருடத்தில் எப்போதாவது அங்கே வசிப்பவராக இருந்து, மூன்று அல்லது அதற்கு மேல் பிணைப்பும் இருந்தால், அப்படிப் பகலில் வந்து போகும் நாள் முப்பதைத் தாண்டியதும் மிச்சமெல்லாம் கணக்கில் சேரும். எங்கள் பெரியவருக்குப் பிணைப்பு இரண்டு என்பதால் இது பொருந்தவில்லை. அவருடைய தம்பிக்கு மூன்று இருந்தது, அவருக்குத் தனியாக முப்பது கட்டம் வைத்து எண்ணினேன். இதை மறந்து எழுதியதற்கு வருந்துகிறேன், ஆறு வருடம் செய்த வேலை.

13 செப்டம்பர்

ஓவியங்கள் சுவரில் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வேலைக்குப் போகும்வரை. மாட்டியிருந்தவை சில. மற்றவை ஃப்ரீபோர்ட்டில்.

ஃப்ரீபோர்ட் என்றால் சுங்க வரி எட்டாத கிடங்கு. சரக்கு வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வது வழக்கம். போகும் வழியில் இருக்கும்வரை இறக்குமதி வரி இல்லை. எவ்வளவு நாள் வழியில் இருக்கலாம்? வருடக்கணக்கில் இருக்கலாம். ஜெனீவாவில் 1888இலிருந்து இருக்கிறது, முதலில் தானியம் போன்ற சரக்குகளுக்குத்தான். சிங்கப்பூரில் 2010இல் ஒன்று திறந்தது, லக்ஸம்பர்கில் 2014இல் ஒன்று. ஓவியத்தை விற்றால் சில சமயம் கட்டடத்தை விட்டுக்கூட வெளியே வராது. ஒரு அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போகும், உரிமை கை மாறிவிடும்.

லியனார்டோ வரைந்ததாகச் சொல்லப்படும் 'சால்வதோர் முந்தி' 2017இல் நியூயார்க் ஏலத்தில் 45 கோடி டாலருக்கு மேல் போனது. அதற்குப் பிறகு பொதுமக்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஓவியத்தை வரைந்தவர் கண்ணுக்காக வரைந்தார். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, இருக்கட்டும். எங்கள் குடும்பத்திடம் பதினேழாம் நூற்றாண்டுப் பூ ஓவியம் ஒன்று இருந்தது. அதன் பெட்டி எண் எனக்கு இன்னும் மனப்பாடம். பூ என்ன நிறம் என்று தெரியாது.

சொந்தக் கப்பல் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: எங்கள் குடும்பத்தில் கப்பல் இல்லை, அதனால் கேட்டறிந்ததுதான். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் பராமரிப்புக்குப் போகும் என்று அந்தத் தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டு. ஜெஃப் பெசோஸின் கோரு 127 மீட்டர் நீளம், கூடவே 'அபியோனா' என்று ஒரு துணைக் கப்பல். 2022இல் அதன் பாய்மரம் போக ரோட்டர்டாமின் பழைய ரயில் பாலத்தைக் கழற்ற வேண்டும் என்று பேச்சு வந்தபோது ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள், கடைசியில் பாய்மரம் இல்லாமலே இழுத்துப்போனார்கள். இதிலும் அதே பழக்கம்தான்: கப்பல் ஒரு கம்பெனியின் பெயரில், பெரும்பாலும் கேமன் தீவுகள் போன்ற இடத்துக் கொடியோடு. பல சமயம் முதலாளியே தன் கம்பெனியிடம் வாடகை கட்டித் தன் கப்பலில் போவார்.

விமானத்தையும் டிரஸ்ட் பெயரில் பதிவார்கள். லூயி வுய்ட்டான் போன்ற சொகுசுப் பொருள்களை விற்கும் குழுமத்தின் முதலாளி பெர்னார்ட் ஆர்னோ இன்னும் ஒரு படி போனார். தன் குழுமத்தின் விமானம் எங்கே பறக்கிறது என்று ஆட்கள் இணையத்தில் பின்தொடர்ந்ததால் விற்றுவிட்டு, வாடகைக்கு எடுப்பதாக 2022இல் சொன்னார். வாடகை விமானத்தில் யார் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

14 செப்டம்பர்

"இப்படி வாழ்வது சுகம்தானே" என்று ஒருவர். பாதி சுகம்.

டிரஸ்ட் என்றால் சொத்து டிரஸ்டியின் கையில், பலன் குடும்பத்துக்கு. பழைய ஆங்கிலச் சட்டப்படி அது என்றென்றைக்கும் நீடிக்க முடியாது. ஒரு தலைமுறை முடிந்து இருபத்தொரு வருடம், ஏறக்குறைய அப்படி ஒரு வரம்பு. அமெரிக்காவில் சவுத் டகோட்டா மாநிலம் 1983இல் அந்த வரம்பையே நீக்கியது. அதற்குப் பிறகு எங்கிருந்தெல்லாமோ சொத்து அங்கே போய்ச் சேர்ந்தது, பேரன் பேத்தி, அவர்களின் பேரன் பேத்தி என்று முடிவில்லாமல் போகிற டிரஸ்டுகளாக.

முடிவில்லாத டிரஸ்டுக்குள் பிறந்தவரைப் பார்த்திருக்கிறேன். பெரியவரின் மூத்த மகன், வயது 43. மகனின் பள்ளிக் கட்டணத்துக்கும் சமையலறையை மாற்றிக் கட்டுவதற்கும் டிரஸ்டிகளுக்குக் கடிதம் எழுதுவார். 'தங்கள் கனிவான பரிசீலனைக்கு' என்று முடியும். நான்தான் தட்டச்சு செய்வேன். ஒரு முறை படகு ஒன்று கேட்டு எழுதி, மறுத்துவிட்டார்கள். அன்று அவர் என் மேஜைக்கு முன் நின்று, "உங்கள் வீடு உங்கள் பெயரில் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது, கடன் பாக்கியோடு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது, அது சரியான உணர்ச்சிதானா என்று பல நாள் யோசித்தேன். அவர் வீட்டுச் சமையலறையின் செலவில் எங்கள் தெரு முழுக்க வீடு கட்டலாம். இருந்தும் பரிதாபம்தான்.

16 செப்டம்பர்

வேறு நாட்டுக் கடவுச்சீட்டு பற்றி: ஆம், பணம் கொடுத்து வாங்கலாம். கரீபியத் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் 1984இலேயே தொடங்கிவிட்டது. மால்டா விற்றுவந்தது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்க முதலீட்டாளர் பீட்டர் தீல் 2011இல் நியூசிலாந்துக் குடியுரிமை பெற்றபோது அந்த நாட்டில் அவர் கழித்திருந்தது மொத்தம் 12 நாள். அந்த எண்ணைப் படித்ததும் எனக்கு என் அட்டவணைதான் ஞாபகம் வந்தது. அதிலும் யாரோ ஒருவர் அந்தப் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பியிருப்பார்.

19 செப்டம்பர்

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். ஒரு மனிதரை விட்டுவிட்டேன், அவரை விட்டால் நான் சொன்னது அநியாயம் ஆகிவிடும்.

சக் ஃபீனி. விமான நிலையங்களில் வரியில்லாக் கடைகளை நடத்திய டியூட்டி ஃப்ரீ ஷாப்பர்ஸ் கம்பெனியை 1960இல் கூட்டாகத் தொடங்கியவர். 1984இல் அதில் தன் பங்கு முழுவதையும் தான் தொடங்கிய அறக்கட்டளைக்கு மாற்றினார். வெளியே சொல்லவில்லை. உலகம் அவரைப் பெரும் பணக்காரர் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது, அவரிடம் அது இல்லை. கம்பெனியை விற்கும் நேரத்தில், 1997இல்தான் வெளியே வந்தது. 800 கோடி டாலர் கொடுத்தார். பல்கலைக்கழகங்களுக்கு, மருத்துவமனைகளுக்கு, வியட்நாமில், அயர்லாந்தில், தென்னாப்பிரிக்காவில். பல கட்டடங்களில் அவர் பெயரைப் போடவும் விடவில்லை. 2020இல் பணம் முழுவதும் கொடுத்துத் தீர்ந்தது என்று அறக்கட்டளையை மூடினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் வாடகை வீட்டில் மனைவியோடு இருந்தார். கையில் பிளாஸ்டிக் கடிகாரம். 2023 அக்டோபரில் இறந்தார்.

காம்ப்ராட் பெயரிலும் ஒன்றும் இல்லை, ஃபீனி பெயரிலும் ஒன்றும் இல்லை. தாளில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. என் மேஜைக்கு வந்திருந்தால் எனக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஒருவர் விட்டுவிட்டார், மற்றவர் விடாமல் இருப்பதற்காகப் பெயரை மட்டும் எடுத்தார். அதனால் பழைய கார், மலிவான கடிகாரம், சாதாரண வகுப்பு இதையெல்லாம் வைத்து யாரையும் எடை போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பணம் கடைசியில் எங்கே போனது என்று கேளுங்கள்.

20 செப்டம்பர்

காம்ப்ராட் மேல் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டேனோ என்று தோன்றுகிறது. அறக்கட்டளை கம்பெனி சிதறாமல் காக்கிறது, பிள்ளைகள் சண்டை போட்டு விற்றுவிட முடியாது, லட்சக்கணக்கானோரின் வேலை அதில் இருக்கிறது. அதுவும் ஒரு காரணம், பொய்யான காரணம் இல்லை. எங்கள் பெரியவரும் அதையே சொல்வார். அதை நம்பியும்தான் சொன்னார்.

27 செப்டம்பர்

இன்னொரு திருத்தம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பதினொரு வீட்டில் ஒன்றுகூடக் குடும்பத்தார் பெயரில் இல்லை என்று எழுதினேன். பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது. எங்கள் பட்டியலில் வராததால் என் கணக்கிலும் வரவில்லை. பெரியவரின் அக்காவுடையது. இரண்டு படுக்கையறை, பின்னால் ஒரு பழத்தோட்டம். அதைக் கம்பெனி பெயருக்கு மாற்ற வக்கீல்கள் மூன்று தடவை தாளோடு போனார்கள். மூன்று தடவையும் அவர் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மின்கட்டணம் அவர் பெயருக்கு வரும், அவரே கட்டுவார். வரியும் முழுதாகக் கட்டினார். அது வீண் செலவு என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் சேர்ந்து இரண்டாவது வருடம், அவருடைய கட்டங்களுக்கு ஆதாரம் கேட்டுப் போன் செய்தேன். வழக்கமாக நான் கேட்பதுதான், போன மாதம் எந்த எந்த இரவு எங்கே இருந்தீர்கள் என்று. "இங்கேதான் இருந்தேன். இனியும் இங்கேதான் இருப்பேன். என்னை எண்ண வேண்டாம்" என்றார்.

பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் வரிசையை எடுத்துவிடச் சொன்னார். ஒன்பது வரிசை என்று மேலே எழுதியிருக்கிறேன். என் கடைசி நான்கு வருடமும் எட்டுதான்.